பாரைக் கேட்டுப் போனவர்கள்

புயல் கூண்டு எண்களை வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடம் செய்தவர்கள் ராயபுரத்துப் பிள்ளைகள். வானொலியில் ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும்: சென்னை, எண்ணூர், கடலூர், நாகை. ஒன்றும் இரண்டும் என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. மூன்றும் நான்கும் உள்ளூர் எச்சரிக்கை. எட்டு, ஒன்பது, பத்து பெரும் அபாயம். பதினொன்று வந்தால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனது என்று பொருள். எங்களுக்கு அந்தப் பதினொன்றின் மேல்தான் ஆசை. கூண்டு என்றதும் கிளிக்கூண்டு போல ஒன்றை நினைத்துக்கொண்டு துறைமுகப் பக்கம் பார்த்தால் கம்பத்தில் கூம்பும் உருளையும்தான் தொங்கும். இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள்.

காசிமேட்டுப் பெரியவர்கள் கூண்டுக்காகக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. விடிவதற்கு முன்பே கரையில் குந்தி, பீடி அணையும்வரை தண்ணீரைப் பார்ப்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே இழுத்தால் வன்னி, தெற்கிலிருந்து வடக்கே போனால் தெண்டி. மேலே காற்று ஒரு பக்கம், கீழே நீரோட்டம் ஒரு பக்கம் என்றால் பேச்சே கிடையாது. "வன்னி இழுக்குது, இன்னிக்கு வேணாம்பா." அவ்வளவுதான். வலையைத் தூக்கிக்கொண்டு திரும்புவார்கள். அன்றைய கூலி போனது போனதுதான். யாரிடம் போய்க் கேட்பது?

பிற்பாடு புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுக்கொண்டபோது எனக்கு இது அடிக்கடி நினைவுக்கு வரும். முந்தின இரவு கைப்பேசியில் ஒரு வரி வரும்: கடல் சரியில்லை, நாளை படகு இல்லை. விடுதியில் உடனே சலசலப்பு கிளம்பும். பெங்களூரிலிருந்து வண்டி ஓட்டி வந்தவர்கள் பாவம், வானத்தைக் காட்டிக் கேட்பார்கள், மேகமே இல்லையே என்று. மேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கோ தெற்குப் பெருங்கடலில் அடித்த காற்றின் அலை, நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் வந்து எழும். குமரிப் பக்கத்தில் அதைக் கள்ளக்கடல் என்பார்கள்; ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இப்போது அதே பெயரில் எச்சரிக்கை கொடுக்கிறது. அப்படிப்பட்ட அலை அடிமணலைக் கிளறிவிட்டால், பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் நம் கையையே நம்மால் பார்க்க முடியாது. படகோட்டி ரத்து செய்கிறார் என்றால் அவருக்கும் அன்று வருமானம் இல்லை என்பதை யாரும் யோசிப்பதில்லை.

வடசென்னையில் சிலிண்டர் கட்டி முங்குகிறவர்கள் இல்லை. சிலிண்டர் இல்லாமல் முங்குகிறவர்கள் உண்டு. அரிப்பைத் தடுக்க ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கடலுக்குள் நீட்டிப் போட்ட தூண்டில் வளைவுகளில் பச்சை மட்டி அடை அடையாகப் பிடிக்கும். எங்கள் தெருவில் ஒரு மாமா அதை எடுக்கப் போவார். இடுப்பில் வலைப்பை, கையில் சின்ன இரும்புக் கம்பி. விரல்களெல்லாம் ஓடு கிழித்த கோடுகள். ஒருநாள் அவர் மேலே வந்து மூச்சு வாங்கியபோது பை காலியாக இருந்தது. இல்லையா மாமா என்றேன். "நெறைய இருக்குது தம்பி. எல்லாம் குஞ்சு. இப்ப பேத்தா அப்புறம் ஒண்ணுமிருக்காது." அன்று கடல் குளம் மாதிரி கிடந்தது. காற்றும் இல்லை, இழுப்பும் இல்லை. அவர் திரும்பியது கல்லுக்காக.

அந்தக் கற்களை 2017-இல் பார்த்திருக்க வேண்டும். ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. திருவொற்றியூர்க் கரையில் தார் போலத் திரண்டு நின்றதை வாளியால் மொண்டு எடுத்தார்கள். பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கி, எண்ணூர் முகத்துவாரத்தில் படகு, வலை, அலையாத்தி, கூழைக்கடா ஒன்றையும் விடவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் அந்தக் கழிமுகத்தில் ஏற்கெனவே பல ஆண்டுகளாகப் படிந்துகிடக்கிறது. இதற்கெல்லாம் கூண்டு எண் எதுவும் கிடையாது.

கரையிலிருந்து கொஞ்சம் விலகிப் போனால் பார்கள் இருக்கின்றன. கடலடிப் பாறைத்திட்டுகள். மன்னார் வளைகுடாவைப் போலப் பவளக்காடு அல்ல. பாறைமேல் கடற்பஞ்சும் கடல்விசிறியும் மட்டியும் ஒட்டி வாழும், இடுக்கில் கலவா பதுங்கும். மேலே நின்றால் எதுவும் தெரியாது. கோயில் கோபுரமும் புகைபோக்கியும் ஒரே கோட்டில் வரவேண்டும், வடக்கே இன்னொரு அடையாளம் பொருந்தவேண்டும், அங்கே தூண்டில் விடவேண்டும். இன்று ஜி.பி.எஸ். வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எந்தப் பாருக்கும் நேரே போய் நங்கூரத்தைப் போடலாம் என்பதுதான் அதில் கோளாறு.

தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் வேறு மாதிரி. முத்துக்குளிப்பு நடத்துவதற்கு முன் அரசாங்கம் பாரைச் சோதிக்கும். தொலாயிரம் பார் போன்ற திட்டுகளிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து வயதைப் பார்ப்பார்கள், முத்தை மதிப்பிடுவார்கள். முற்றவில்லை என்றால், சிப்பி அழிந்திருந்தால், அந்த ஆண்டு குளிப்பு இல்லை. கடல் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் இல்லை. மதராஸ் அரசுக்காக ஜேம்ஸ் ஹார்னெல் இந்தப் பார்களை ஆய்ந்து 1905-இல் அறிக்கை எழுதினார். 1920-களின் கடைசியில் நடந்த குளிப்புக்குப் பின் அடுத்தது 1955-இல்தான். அவர்களுக்குச் சூழல் அக்கறை பொங்கி வழிந்தது என்று நான் சொல்லமாட்டேன். வருமானக் கணக்குதான். ஆனாலும் பயணத்தை ரத்து செய்யும் அதிகாரம் பாருக்கு இருந்தது.

இன்று அந்த அதிகாரம் காற்றிடம் மட்டும் இருக்கிறது. அதுவும் ஒரு வேடிக்கை, ஏனென்றால் காற்று பாருக்கு எப்போதும் பகையல்ல. பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறும் நிறமும். கோடையில் நீர் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி ஏறி, வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால் பவளம் அந்தப் பாசியைத் துரத்திவிட்டு வெளிறிப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பெருமளவு நடந்தது இதுதான். வெளிறல் ஏப்ரல் முதல் ஜூன் வரையான கோடையில்தான் வரும். தென்மேற்குக் காற்று எழுந்து கடலைப் புரட்டிக் குளிர்வித்தால் பிழைக்க வழியுண்டு. புயல் பவளத்தை உடைக்கும்; அதே புயல் வெந்நீரை ஆறவைக்கவும் செய்யும். நாம் சலித்துக்கொண்டு விடுதியில் படுத்துக்கிடக்கும் நாளில் பாருக்கு மூச்சு வருகிறது. காற்றே இல்லாமல் கண்ணாடி போல நீர் தெளிந்து, எல்லோரும் படகேறும் நாட்கள் நீடித்தால்தான் அதற்கு ஆபத்து. சூடேறித் துவண்ட பவளத்தின் மேல் நம் துடுப்புக்கால் கிளப்பும் மணலும் படிகிறது.

தாய்லாந்தில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். சிமிலன் தீவுகளை ஆண்டுதோறும் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடிவிடுகிறார்கள். 2016-இல் வெளிறல் வந்தபோது பல டைவிங் தளங்களுக்குத் தடை போட்டார்கள், சுற்றுலாவில் பிழைக்கிற நாடாக இருந்தும். நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருக்கிறது. காசிமேட்டில் அந்த நாட்களில் படகுகள் நெருக்கியடித்து நிற்கும், வலை பின்னும் சத்தம்தான் கேட்கும். பிழைப்பே கடல் என்றிருப்பவர்கள் மீன் பெருகட்டும் என்று இரண்டு மாதம் கரையில் உட்காருகிறார்கள். வேடிக்கை பார்க்கப் போகும் நமக்கு அப்படி ஒரு நாள்கூட விதிக்கப்படவில்லை.

அடுத்த முறை டைவிங் பதிவு செய்யும்போது காற்றைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நீரின் வெப்பம் எவ்வளவு, பார் வெளிறியிருக்கிறதா, நங்கூரத்தைப் பாறைமேல் போடுகிறார்களா, மிதவையில் கட்டுகிறார்களா என்று கேளுங்கள். பார் சரியில்லை, இன்று வேண்டாம் என்று ஒரு படகோட்டி சொன்னால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள்.