குன்சம் கணவாய் வழி

விரைந்து ஓட்டுதலே வண்டியோட்டியின் திறமை என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணத்தை மாற்றிவிடும் வழி ஒன்று இமயமலையில் உண்டு. இமாசலப் பிரதேசத்தில் கிராம்பூ என்னும் இடத்திலிருந்து சந்திரா ஆற்றின் ஓரமாகப் படால் வரையில் சென்று, பின்னர்க் குன்சம் கணவாயைக் கடந்து ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் இறங்கும் வழியே அது.

கிராம்பூவுக்கும் படாலுக்கும் இடையே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவே உண்டு. சமவெளியில் ஒரு மணி நேரத்தில் கடக்கக்கூடிய அத்தொலைவு, இங்கே பல மணி நேரத்தை விழுங்குவதுண்டு. ஒருபுறம் செங்குத்தான மலைச்சரிவு, மறுபுறம் ஆறு. குளிர்காலத்தில் பனி மூடிவிடுவதால், ஆண்டில் சில திங்களே வழி திறந்திருக்கும்.

கணவாயின் உயரம் 4,500 மீட்டருக்கும் மேலாகும். அங்கே காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கே. ஆதலின் மனிதனுக்கு மூச்சு வாங்கும். எஞ்சினும் வலிமை குன்றும். பழகிய ஓட்டுநர் முதற்கியரிலேயே மெல்ல ஏறுவார். இறங்கும்போதும் பிரேக்கை மட்டும் நம்பாமல், கீழ்க்கியரின் பிடியிலேயே வண்டியை இறக்குவார். இடைவிடாது அழுத்தினால் பிரேக் சூடேறித் தன் பிடியை இழந்துவிடும் என்பதை அவர் அறிவார்.

ஆயினும் இவ்வழியின் பெருஞ்சோதனை ஏற்றமன்று. குறுக்கே பாயும் ஓடைகளே. இரவின் குளிரில் பனி உருகுவது குறையும். ஆதலால் காலையில் நீர் குறைந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பனி உருகும். காலையில் கூழாங்கற்களிடையே சலசலத்த ஓடை, பிற்பகலில் பாறைகளை உருட்டும் வெள்ளமாகிவிடும்.

அத்தகைய ஓடைக்கரையை மாலையில் அடையும் வண்டி ஒன்றை எண்ணிப் பாருங்கள். அக்கரை அருகிலேயே தெரிகிறது. உள்ளிருப்போர் பசியால் வாடுகின்றனர். “போய்விடலாமே!” என்கிறான் ஓர் இளைஞன். ஓட்டுநர் விடை கூறாமல் இறங்குகிறார். நீரோட்டத்தை நெடுநேரம் நோக்குகிறார். கலங்கல் நீரில் அடித்தளம் தெரியவில்லை. உருளும் பாறைகளின் முழக்கம் மட்டும் கேட்கிறது. அவர் வண்டியை மேட்டுக்குப் பின்வாங்கி எஞ்சினை நிறுத்துகிறார். இரவெல்லாம் குளிரில் நடுங்கியவர்கள் அவரைக் கோழை என்று முணுமுணுக்கின்றனர்.

விடியலில் ஓடை இளைத்துக் கிடக்கிறது. நேற்று அவர்கள் இறங்க விரும்பிய இடத்தில் ஆளுயரப் பள்ளம் ஒன்று வாய் திறந்திருக்கிறது. ஒருவரும் பேசவில்லை. ஓட்டுநர் சற்று மேலே வேறு தடம் தேடிக் கற்களை அடுக்குகிறார். அந்த இளைஞனும் இறங்கிக் கற்களைச் சுமக்கிறான். வண்டி மெல்ல அக்கரை சேர்கிறது.

கணவாயின் உச்சியில் குன்சம் தேவியின் கோயில் உள்ளது. அவ்வழிச் செல்வோர் வண்டியோடு அதனை வலம் வந்து செல்வது வழக்கம். அங்கே இளைஞன் தேவியை வணங்குகிறான். பின்னர் ஓட்டுநரை நோக்கியும் கைகூப்புகிறான்.

செல்லும் துணிவு பலரிடம் உண்டு. நிற்க வேண்டிய இடத்தில், பிறர் பழிப்பினும் நிற்கும் துணிவு சிலரிடமே உண்டு.