பன்னிரு விரற்குடல் தந்த பாடம்

சொல்லின் மேற்போக்கான பொருளோடு அமைபவர் நூலின் உட்பொருளை இழப்பர் என்பது எம் ஆசிரியர் அடிக்கடி கூறும் அறிவுரை. அதனை யாம் மறந்தமையால் அவருக்கே பெருந்தீங்கு நேரவிருந்தது. எம் பிழையை மறையாது ஈண்டு எழுதத் துணிந்தோம்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேர்ந்த நாள்முதல், ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்தபின், திருச்சிராப்பள்ளியினின்று காவிரிப் பாலங் கடந்து திருவரங்கஞ் சென்று, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் கம்பராமாயணம் பாடங் கேட்டு வருகின்றோம். சென்ற ஆண்டு அவர் முகம் வெளிறிற்று. திண்ணைப் படி ஏறவும் மூச்சு வாங்கிற்று. இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தனர். மலம் கருநிறமாய்ப் போதலை அவர் மாத்திரையின் விளைவென்றே எண்ணி எவரிடமுங் கூறிலர். அம்மாத்திரை அங்ஙனஞ் செய்வது உண்மையே. ஆயின், இரைப்பையிலோ அதனை அடுத்த குடலிலோ கசியும் குருதியும் மலத்தைக் கறுப்பாக்கும்.

மாமி வற்புறுத்தவே, நகரத்து மருத்துவமனை ஒன்றில் வாய்வழியே எண்டோஸ்கோப்பிக் குழாய் செலுத்திப் பார்த்தனர். இரைப்பையைக் கடந்தவுடன், பன்னிரு விரற்குடலின் தொடக்கத்தில், காம்புடைய கட்டியொன்று தென்பட்டது. அதிற் கிள்ளியெடுத்த துணுக்கைச் சோதித்து, சீதப்படலம் இயல்பாக உள்ளது, புற்றுநோய்க் குறி இல்லை என்று தாள் வந்தது. ஆங்கிலம் அறிவோம் என்னுஞ் செருக்கால் அதனை யாமே படித்து, "ஐயா, ஒன்றுமில்லை" என்றோம். மாமி மகிழ்ந்து அக்காரவடிசில் படைத்தார். கட்டியின் ஆழ்பகுதி இத்துணுக்கில் வரவில்லை, மீண்டும் ஆராய்க என்று தாளின் அடியில் இருந்த வரியை யாம் ஊன்றி நோக்கவில்லை. ஒரு திங்கள் கழிந்தது. ஒருநாள் பாடஞ் சொல்லுகையிலேயே ஆசிரியர் மயங்கிச் சாய்ந்தார்.

அன்று மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். அக்குடல் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுடையது. பன்னிரண்டு விரல்களின் அகலம் என்று பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹெரோபிலஸ் கண்ட அளவே அதன் பெயராயிற்று. இரைப்பை அமிலம் அதனைப் புண்படுத்தாவண்ணம், காரத்தன்மையுடைய சளிநீரைச் சுரந்து காக்கும் நுண்சுரப்பிகள் அங்குள. ஸ்விட்சர்லாந்து நாட்டு யோஹான் கான்ராட் புருன்னர் 1687-இல் அவற்றை விரித்தெழுதினமையின் அவை புருன்னர் சுரப்பிகள் எனப்படும். அரிதாகச் சிலரிடத்து அவை மிகைவளர்ந்து கட்டியாகும். அக்கட்டி பெரும்பாலும் தீங்கற்றது. யாதொரு துன்பமுமின்றி இருந்து, தற்செயலாகக் காணப்படுவதும் உண்டு. பெருத்தாலோ உணவின் வழியை அடைக்கும், குருதி கசியும். இச்சுரப்பிகள் சீதப்படலத்தின் அடியில் இருத்தலின், மேலே கிள்ளிய துணுக்கு மேற்படலத்திற்கே சான்றாகும். கீழுள்ளதைப் பற்றி யாதுங் கூறாது.

பின்னர், எண்டோஸ்கோப்பியோடு இணைந்த ஒலியலைக் கருவியால் கட்டி எவ்வளவு ஆழம் ஊன்றியுள்ளது என ஆராய்ந்து, கம்பிச் சுருக்கிட்டு, மின்சூட்டினால் அதனை முழுதும் அறுத்தெடுத்தனர். சோதனை முடிவு வரும்வரை யாம் நூலைத் திறந்தோமில்லை. முழுக்கட்டியையும் நுண்ணோக்கியிற் கண்ட பின்னரே ஐயம் நீங்கிற்று: அது புருன்னர் சுரப்பிகளின் மிகைவளர்ச்சி, புற்றன்று.

அடுத்த ஞாயிறு எம் குற்றத்தைக் கூறி மன்னிப்பு வேண்டினோம். ஆசிரியர் நகைத்து, "தம்பி, செய்யுளாயினும் சீட்டாயினும் இறுதிவரை படி. போகட்டும், பாடத்தை எங்கே நிறுத்தினோம்?" என்றார்.

உடன் பயிலும் நண்பர்களே, காரணந் தெரியாத சோகையையும் கருநிற மலத்தையும் நாணத்தால் மறைத்தல் ஆகாது. சோதனைத் தாளின் பொருளை மருத்துவர் வாயிலாகவே அறிதல் வேண்டும். மூத்தோர் நலம் எம்போன்றோரின் அரைகுறைப் படிப்பால் கெடாதிருப்பதாக.