காதுக்கு அளவு பார்க்கும் ரிச்சி ஸ்ட்ரீட்

சென்னை சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ பிடித்தால் அடுத்த நிறுத்தமே அரசினர் தோட்டம். அங்கிருந்து சில நிமிட நடையில் ரிச்சி ஸ்ட்ரீட் வந்துவிடும். 'தெரு' என்று ஒருமையில் சொன்னாலும் அது ஒரு தெரு அல்ல. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை என்று சுற்றுவட்டாரம் முழுவதற்கும் மக்கள் வைத்திருக்கும் பெயர் அது. ஒரு பைக் போனால் இன்னொரு பைக் ஒதுங்க வேண்டிய சந்துகள், அட்டைப்பெட்டிகளைத் தலையில் சுமந்தபடி "வழி, வழி" என்று வரும் ஆட்கள், சால்டரிங் புகையின் வாசம், தலைக்கு மேல் யாராலும் பிரித்தெடுக்க முடியாத கேபிள் பந்தல்.

ரேடியோவுக்கும் டேப் ரிக்கார்டருக்கும் உதிரிபாகம் விற்று வளர்ந்த சந்தை இது. வால்வு, டிரான்சிஸ்டர், ஸ்பீக்கர் கோன் என்று தொடங்கி, டிவி வந்தபோது டிவி, கம்ப்யூட்டர் வந்தபோது கம்ப்யூட்டர், பிறகு செல்போன், இப்போது சிசிடிவி கேமரா என ஊரின் தேவைக்கேற்ப வேடம் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. டோக்கியோவின் அகிஹபாராவும் போருக்குப் பிந்தைய ரேடியோ உதிரிபாகக் கடைகளிலிருந்து வளர்ந்ததுதான். ஒலியில் தொடங்கிய சந்தைகளுக்கு அந்தப் பழக்கம் விடாது போலும். இன்றும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படுவது இயர்போன்தான்.

நடைபாதையில் கொத்துக் கொத்தாகத் தொங்குபவை ஒரு ரகம். விலை 100, 150. பெட்டியில் உலகப் புகழ்பெற்ற கம்பெனியின் பெயர் இருக்கும். உற்றுப் பார்த்தால் ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது எழுத்தெல்லாம் சரியாக இருந்து விலை மட்டும் நம்ப முடியாததாக இருக்கும். உள்ளே கண்ணாடிக் கடைகளில் அதே பொருளின் அசல், பல மடங்கு விலையில். இரண்டுக்கும் நடுவே நின்று திணறுபவர்கள்தான் இந்தத் தெருவில் அதிகம்.

ஒரு சனிக்கிழமை மதியம் அப்படித் திணறி நின்றார்கள் அரக்கோணத்திலிருந்து வந்திருந்த ஓர் அப்பாவும் மகளும். மகள் சென்னையில் கல்லூரி மாணவி. வாரம் ஐந்து நாளும் மின்சார ரயிலில் வந்து போகிறவள்.

"ஏம்மா, வெளியில நூத்தம்பது ரூபாய்க்குக் குடுக்குறானே, அதுல பாட்டு கேக்காதா?"

"கேக்கும்ப்பா. ஆனா பாட்டைவிட ரயில் சத்தம்தான் நல்லாக் கேக்குது. சவுண்ட முழுசா வெச்சாத்தான் பாட்டு வருது. ராத்திரி படுத்தா காதுல 'ங்ங்'னு ஒரே இரைச்சல்."

அதைக் கேட்டதும் அப்பா பேரத்தை நிறுத்திவிட்டார். நல்ல இயர்போன் எது என்ற கேள்விக்கு அர்த்தம் வருவதும் இந்த இடத்தில்தான்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு இது: 80 டெசிபல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 83 டெசிபல் என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10 மணி நேரம், 90-க்குப் போனால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். அரக்கோணத்திலிருந்து சென்ட்ரல் வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம். போக வர நான்கு. ஐந்து நாளுக்கு 20 மணி நேரம். அந்தப் பெண் வழியெல்லாம் பாட்டு கேட்டால் 83 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஜன்னல் திறந்த ரயில் பெட்டியில், காதில் சரியாகப் பொருந்தாத இயர்போனில், அந்த அளவில் வைத்தால் பாட்டே கேட்காது. ஆகவே கை தானாக சவுண்டைக் கூட்டுகிறது. ஒலியை உணரும் உட்காதின் நுண்ணிய செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. இரைச்சல் நாள்கணக்கில் நீடித்தால் இயர்போன் கடைக்கு முன்னால் போக வேண்டிய இடம் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம்.

அதனால் 'பேஸ் தூக்கும்', 'டிரைவர் பெருசு' என்ற பேச்சையெல்லாம் கொஞ்சம் ஓரமாக வைக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சத்தத்தை அது எவ்வளவு அடைக்கிறது என்பதை. காதுத் துவாரத்துக்குள் போய் உட்காரும் இன்-இயர் வகையின் பலமே அதுதான். அடைப்பு சரியாக இருந்தால் பாட்டு குறைந்த சவுண்டிலேயே தெளிவாகக் கேட்கும்.

இந்த வகை பிறந்ததும் இதே காரணத்துக்காகத்தான். மேடையில் டிரம்ஸ், கிடார் இரைச்சலுக்கு நடுவே பாடகருக்குத் தன் குரல் கேட்க வேண்டும். அதற்காகக் காலடியில் ஸ்பீக்கர் வைத்தால் சத்தம் இன்னும் ஏறும். 1995-ல் ஜெரி ஹார்வி என்ற ஒலிப்பொறியாளர், வேன் ஹேலன் இசைக்குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வேன் ஹேலனுக்காகக் காதுக்குள் பொருந்தும் மானிட்டர் ஒன்றைச் செய்து கொடுத்தார். இன்று டிவி பாட்டுப் போட்டியில் பாடுகிற குழந்தைகளின் காதில் தெரிவது அதன் வாரிசு. இந்த மானிட்டர்கள் பலவற்றில் இருக்கும் 'பேலன்ஸ்ட் ஆர்மச்சர்' என்ற துளியூண்டு ஒலிப்பான், காது கேளாதோர் அணியும் ஹியரிங் எய்டிலிருந்து வந்தது. கேளாத காதுக்காகச் செய்த பொருள், கேட்கும் காதைக் காப்பாற்றவும் உதவுகிறது.

கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். "பட்ஜெட் என்ன?" என்று கேட்கவில்லை. "பாட்டுக்கா பாப்பா, ஆன்லைன் கிளாஸுக்கா?" என்று கேட்டார். "ரெண்டுக்கும்தாண்ணே" என்றாள். டெமோவுக்கென்று வைத்திருந்த ஒன்றை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, புது ரப்பர் மாட்டி நீட்டினார். எல்லாக் கடையிலும் இப்படிக் கிடைக்காது. காதுக்குள் போகிற பொருள் என்பதால் சீல் பிரித்ததைத் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள், அது நியாயம்தான். டெமோ இருக்கிற கடையாகத் தேடிப் போவது வாங்குகிறவரின் வேலை.

மாட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுத்தால் துவாரம் நேராகும். அப்போது இயர்போனை உள்ளே வைத்து மெல்லத் திருப்ப வேண்டும். சரியாக உட்கார்ந்தால் தன் குரலே பானைக்குள் பேசுவதுபோல் கேட்கும். அப்படிக் கேட்கவில்லை என்றால் எங்கோ காற்று கசிகிறது. கசிந்தால் முதலில் காணாமல் போவது தாழ்ந்த ஒலிகள்தான். "இதுல பேஸே இல்லண்ணே" என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் பல, அளவு தவறிய ரப்பருக்குத் தண்டனை அனுபவிப்பவை.

பெட்டியில் மூன்று அளவு ரப்பர் வருவது இதற்காகத்தான். நடு அளவை மாட்டிக்கொண்டு மீதியைப் பெட்டியோடு பரணில் போடுகிறவர்களே அதிகம். வலது, இடது காதுகள் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்த மாணவிக்கு வலது காதுக்கு நடு அளவும் இடது காதுக்குச் சின்ன அளவும் பொருந்தின. "காதுக்குக்கூட அளவு எடுக்குறாங்களா!" என்று அப்பா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ரப்பர் உறுத்துகிறவர்களுக்கு நுரைப்பஞ்சு வகை தனியே விற்கிறது. விரலால் நசுக்கி உள்ளே விட்டால் அதுவாக விரிந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பு பிரமாதம், ஆயுள்தான் குறைவு.

அடுத்து, எதைக் கேட்டுப் பார்ப்பது? கடையில் அதிரும் குத்துப்பாட்டில் எல்லா இயர்போனும் நன்றாகத்தான் இருக்கும். மனப்பாடமாகத் தெரிந்த பாட்டைப் போட வேண்டும். மிருதங்கத் தனி ஒன்று போதும். இடப்பக்கத் தொப்பியின் கும்காரம் உருண்டு வர வேண்டும், வலந்தலையின் 'நம்' கூர்மையாக விழ வேண்டும், ஒன்று மற்றதை மூடக் கூடாது. எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் குரலுக்குக் கீழே தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும் பாஸ் கிடாரைப் பின்தொடர முடிகிறதா என்று பார்க்கலாம். எஸ்.ஜானகியின் குரலில் 'ஸ' வரும் இடம் ஊசியாகக் குத்தினால் அந்த இயர்போன் நீண்ட பயணத்துக்கு ஆகாது. ஆன்லைன் வகுப்புக்கு என்றால் பத்து நிமிடம் பேச்சை மட்டும் கேட்டுப் பார்ப்பது நல்லது. பேஸ் அளவுக்கு மீறிப் பொங்கும் இயர்போனில் ஆசிரியர் குடத்துக்குள்ளிருந்து பாடம் நடத்துவார்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் '20 - 20,000 ஹெர்ட்ஸ்' என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது மனிதக் காதின் பொதுவான எல்லை. 150 ரூபாய்ப் பெட்டியிலும் அதே எண்தான் இருக்கும்.

வயரா, வயர்லெஸ்ஸா என்ற சண்டை இந்தத் தெருவில் தினமும் நடக்கிறது. 2016-ல் ஐபோன் 7 இயர்போன் துளையைக் கைவிட்டது. பின்னாலேயே பல கம்பெனிகளும் மூடிவிட்டன. அதனால் பட்ஸ் வாங்குகிறவர்கள் பெருகினார்கள். சுற்றுச் சத்தத்தைக் குறைக்கும் 'நாய்ஸ் கேன்சலேஷன்' நிஜமாகவே உதவும். ரயில், பஸ் எஞ்சின், மின்விசிறி போன்று ஒரே சீராக ஓடும் தாழ்ந்த இரைச்சலை அது நன்றாக அமுக்கும். பக்கத்து சீட்டுக்காரரின் போன் பேச்சையோ ஹார்னையோ அந்த அளவுக்கு அமுக்காது. குறை என்னவென்றால் குட்டி பேட்டரி. தினமும் மணிக்கணக்கில் உழைத்தால் சில வருடங்களில் சார்ஜ் நிற்காமல் போகும். பெரும்பாலானவற்றில் அதை மாற்றவும் வழியில்லை.

அதே விலைக்கு வயர் வகையில் ஒலி பெரும்பாலும் ஒரு படி மேலே இருக்கும். 1,000 முதல் 2,000 ரூபாய்க்குள், வயரைத் தனியே கழற்றி மாட்டும் சீனத் தயாரிப்புகள் இப்போது நிறைய. வயர் போனால் வயரை மட்டும் மாற்றலாம். அதைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் போட்டால் சட்டையில் உரசும் சத்தமும் குறையும். போனில் டைப்-சி துளை மட்டும் இருந்தால் ஓர் அடாப்டர் வேண்டும். எல்லா அடாப்டரும் எல்லா போனுக்கும் வேலை செய்யாது. 'உள்ளே டேக் சிப் இருக்கிறதா' என்று கேட்டு, சொந்த போனில் மாட்டி ஒலி வந்த பிறகே காசை நீட்ட வேண்டும்.

மாணவி தேர்ந்தெடுத்தது அப்படி ஒரு வயர் இயர்போன், 1,400 ரூபாய். பட்ஸ் மேல் ஒரு கண் இருந்ததை மறைக்கவில்லை. "கூட்டத்துல ஒண்ணு கழண்டு தண்டவாளத்துல விழுந்தா போச்சுப்பா" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கடைக்காரர் அவளுடைய போனிலேயே மாட்டி, சவுண்டைப் பாதிக்குக் கீழே வைத்தார். வெளியே ஆட்டோ ஹார்னும் ஜெனரேட்டரும் அலறிக்கொண்டிருந்தன. அவள் கண்களை மூடிக்கொண்டாள். பாட்டு முடியும்வரை அப்பா காத்திருந்து, பிறகு ஓர் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொன்னார். அது நடக்கவில்லை, ஒரு செட் ரப்பர் இலவசமாகக் கிடைத்தது.

"ஸ்டேஷன்ல இறங்குறதுக்கு முன்னாடியே கழட்டிடணும் பாப்பா. இது மாட்டினா ரயில் வர்றதே தெரியாது" என்றார் கடைக்காரர். விற்பனைப் பேச்சு அல்ல அது. தண்டவாளம் கடக்கும்போதும் சாலையிலும் இன்-இயர் இயர்போன் ஆபத்தான பொருள்தான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு: ஞாயிறு பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. வேலைநாளில் காலை நேரம் நல்லது. மாலைக் கூட்டத்தில் யாருக்கும் டெமோ காட்டப் பொறுமை இருக்காது. ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்கினால்தான் வாரன்டி செல்லுபடியாகும். வாங்கி வந்த பிறகு ரப்பரை வாரம் ஒருமுறை கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்ட வேண்டும். ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் வலையில் காதழுக்கு அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். பிளக் அருகே வயர் அறுந்த பழைய இயர்போன் வீட்டில் கிடந்தால் அதையும் பையில் போட்டுக்கொண்டு போகலாம். சால்டரிங் இரும்போடு உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் புது பிளக் வைத்துக் கொடுத்துவிடுவார்கள்.