பாஸ் ஓவர், மை லார்ட்!

பெண் பார்ப்பதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்று உண்டு. ஜூனியர் வக்கீலாகச் சேர ஆபீஸ் பார்ப்பது! பெண் பார்க்கப் போனால் பஜ்ஜி, சொஜ்ஜியாவது கிடைக்கும். இங்கே பெஞ்சில் உட்கார இடம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

1996-ல் திருச்சி சட்டக் கல்லூரியில் அஞ்சு வருஷப் படிப்பை முடித்து, கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப் பட்டையுமாகச் சென்னைக்கு வந்து இறங்கினேன். வாசம், திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். அப்பா மன்னார்குடியில் தபால்காரராகச் சேர்ந்து போஸ்ட் மாஸ்டராக ரிட்டயரானவர். பஸ் ஏற்றிவிடும்போது கணக்காகச் சொன்னார்: "ஒரு வருஷம் மாசம் ஐந்நூறு ரூபா அனுப்பறேன். அதுக்குள்ள கால் ஊன்றிக்கோ. அப்புறம் உன் தங்கச்சி கல்யாணம் இருக்கு."

வந்த அன்றே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தம்புச் செட்டி தெரு, லிங்கிச் செட்டி தெரு, அரண்மனைக்காரன் தெரு என்று பாரிமுனை முழுக்கச் சுற்றிப் பதினொரு ஆபீஸ்களைக் குறித்துக்கொண்டேன். மார்க்கும் போட்டேன். போர்டு பெரிசாக இருந்தால் ஐந்து. வாசலில் கார் நின்றால் ஐந்து. ஏ.ஐ.ஆர். வால்யூம்கள் தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருந்தால் பத்து. அந்தப் புத்தகங்களை யாராவது பிரிக்கிறார்களா என்று பார்க்கத் தோன்றவில்லை.

பதினொன்றும் மூன்று ரகம்.

முதல் ரகம், சாலிசிட்டர் கம்பெனி. ஏ.ஸி. உண்டு, ஒன்றாம் தேதி சம்பளம் உண்டு. கம்பெனிகளுக்கு அக்ரிமெண்ட் எழுதுவதுதான் பெரும்பாலும் வேலை. வருஷக்கணக்கில் கோர்ட் படி ஏறாமலே அங்கே காலம் தள்ளலாம். நான் போன இடத்தில், "சென்னையில் யாரைத் தெரியும்?" என்று கேட்டார்கள். "போஸ்டாபீஸில் நிறையப் பேரைத் தெரியும்" என்றேன். பதில் தபாலில் வரும் என்றார்கள். வரவில்லை. தபால் இலாகாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாவது ரகம், ஹைகோர்ட்டே 'சீனியர் அட்வகேட்' என்று பட்டம் கொடுத்த பெரியவர்கள். இவர்களுக்கு நிபந்தனைகள் உண்டு. வக்காலத்து போடக் கூடாது. கட்சிக்காரரிடம் நேரே கேஸ் வாங்கக் கூடாது. கூட இன்னொரு வக்கீல் இல்லாமல் கோர்ட்டில் நிற்கவும் கூடாது. அங்கே சேர்ந்தால் சட்டம் கரைத்துக் குடிக்கலாம். ஆனால் ஒரு கேஸ் எப்படிப் பிறக்கிறது, பிராதை எப்படி எழுதுவது, கட்சிக்காரர் எப்படிப் பொய் சொல்வார் என்பதெல்லாம் தெரியாமல் போய்விடும்.

மூன்றாவது ரகம், கேஸ் வாங்கி, மனு எழுதி, தாக்கல் செய்து, தாங்களே வாதாடுகிற சாதாரண வக்கீல்கள். இதில்தான் என் நோட்டில் அதிக மார்க் வாங்கிய ஆபீஸில் சேர்ந்தேன். பதினான்கு ஜூனியர்கள். மாசம் அறுநூறு ரூபாய். அப்பாவுக்கு உடனே கார்டு போட்டேன்.

எட்டு மாசம் ஓடியது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அப்பா ஹைகோர்ட்டுக்கே வந்துவிட்டார். 1892-ல் கட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எதுலடா நீ பேசறே?" என்றார் பெருமையாக. கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். எங்கள் கேஸைக் கூப்பிட்டார்கள். எழுந்து, "என் சீனியர் வேறு கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருக்கிறார். பாஸ் ஓவர், மை லார்ட்!" என்று இங்கிலீஷில் சொல்லித் தலை வணங்கினேன். அதாவது, கேஸைக் கொஞ்சம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று அர்த்தம். பிறகு அடுத்த கோர்ட்டுக்கு ஓட்டம். அப்பாவும் பின்னாலேயே. அங்கேயும் அதே வசனம். நாலு கோர்ட், நாலு பாஸ் ஓவர்.

டீக்கடையில் அப்பா மெல்லக் கேட்டார்: "ஏம்ப்பா, நாலு கோர்ட்லயும் உங்க ஐயா வேற கோர்ட்ல இருக்கார்னே சொன்னியே... அப்ப அவர் எந்தக் கோர்ட்லதான் இருக்கார்?"

சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த கேஸ் கட்டுகளைப் பார்த்தார். "இதெல்லாம் என்ன கேஸு?" என்றார். முழித்தேன்.

"முப்பத்தஞ்சு வருஷம் அடுத்தவன் தபாலைப் பிரிக்காம கொண்டுபோய்க் குடுத்தேன். அது என் உத்தியோகம். கட்டைப் பிரிக்காம தூக்கிக்கிட்டு ஓடறதுக்கா நீ அஞ்சு வருஷம் படிச்சே?"

அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். எட்டு மாசத்தில் ஒரு கட்டைக்கூட முழுசாகப் படித்ததில்லை. படி என்று யாரும் சொல்லவில்லை. படிக்காதே என்றும் யாரும் சொல்லவில்லையே!

வழி சொன்னவர் பக்கத்து ஆபீஸ் குமாஸ்தா. வக்கீல் குமாஸ்தாக்களுக்குத் தெரியாத ரகசியம் பாரிமுனையில் கிடையாது. என் மார்க் நோட்டைப் புரட்டிப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். "போர்டையும் பீரோவையும் பார்த்து மார்க் போட்டிருக்கியே தம்பி! அந்த ஆபீஸை விட்டுப் போன பசங்க இப்ப என்ன பண்றாங்கன்னு விசாரி. சொந்தமா நின்னு பேசறானா, இல்ல இன்னமும் பைதான் தூக்கறானா? அதுதான் மார்க்கு."

பத்து நாள் சாப்பாட்டு நேரத்திலும் ஓய்ந்த நேரத்திலும் சிட்டி சிவில் கோர்ட்டில் போய் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஒரு வக்கீல் தன் ஜூனியரைக் குறுக்கு விசாரணை செய்ய விட்டிருந்தார. பையன் கேட்கக் கூடாத கேள்வி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். சீனியர் எழுந்து பிடுங்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ எழுதி அவன் பக்கம் நகர்த்தினார். பையன் அடுத்த கேள்வியில் நிமிர்ந்துவிட்டான். குமாஸ்தாவிடம் விசாரித்தேன். அவரை விட்டுப் போனவர்களில் ஒருத்தர் மாஜிஸ்திரேட், இரண்டு பேர் தனியாக ஆபீஸ் நடத்துகிறார்கள்.

லிங்கிச் செட்டி தெருவில் மாடிப்படிக்குக் கீழே பெயின்ட் உதிர்ந்த போர்டு. என் நோட்டில் மூன்று மார்க் வாங்கிய ஆபீஸ்! அவர் என்னிடம் சர்டிபிகேட் கேட்கவில்லை. வாடகை பாக்கிக் கேஸ் கட்டு ஒன்றைக் கொடுத்து, "ராத்திரி படிச்சுட்டு வாங்க. நம்ம பக்கம் என்ன ஓட்டைன்னு சொல்லுங்க" என்றார். மேன்ஷனில் பத்து மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்வார்கள். வராந்தா பல்பின் கீழே உட்கார்ந்து விடிய விடியப் படித்தேன். மார்ச்சிலிருந்து பாக்கி என்கிறார் நம் வீட்டுக்காரர். அவருடைய ரசீதுப் புத்தகத்திலேயே ஏப்ரல் மாச அடிக்கட்டை இருக்கிறது! காலையில் சொன்னேன். "நாளைக்கே சேர்ந்துக்கோங்க" என்றார். மாசம் நானூறு ரூபாய். முன்னைவிட இருநூறு குறைவு.

பயந்துகொண்டேதான் அப்பாவுக்கு எழுதினேன். அடுத்த மணியார்டர் கூப்பனில் பதில் இருந்தது: "கட்டைப் பிரித்தாயா, சந்தோஷம். தங்கை கல்யாணம் தை மாசம். அதுவரை பணம் வரும்." தைக்குப் பிறகு பல ராத்திரி பன்னும் டீயும்தான். பரவாயில்லை.

1998-ல் ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் என் முதல் குறுக்கு விசாரணை. அப்பா வந்திருந்தார். ஒரு மணி நேரம் கேட்டேன், பாதி கேள்வி உளறல். வெளியே வந்து அப்பா சொன்னது: "நல்லாத்தான் இருந்துது. ஆனா உங்க ஐயா பக்கத்துலயே உக்காந்திருக்காரே... அவருக்கு வேற கோர்ட்ல வேலை இல்லையா?"

இப்போது எனக்கும் ஒரு போர்டு இருக்கிறது. போன மாசம் ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் என்று 2024 ஜூனில் ஹைகோர்ட் சொன்னதைச் சொல்லி, "தருவீங்களா சார்?" என்றாள். தருவேன் என்றேன். அடுத்து ஒரு போடு போட்டாள்: "உங்ககிட்ட இருந்து போன ஜூனியர்ஸ் நம்பர் வேணும் சார். பேசிட்டு முடிவு பண்றேன்."

ஐந்து பேரில் நாலு பேர் நம்பரைத் தயங்காமல் கொடுத்தேன். ஐந்தாவதில் விரல் கொஞ்சம் நின்றது. அந்தப் பையனை ஒரு வருஷம் பாஸ் ஓவர் கேட்கத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். எனக்கும் அப்போது நாலு கோர்ட்டில் கேஸ்! கடைசியில் அதையும் கொடுத்துவிட்டேன்.

விசாரித்துவிட்டு மெசேஜ் அனுப்புகிறேன் என்று போனவளிடமிருந்து இதுவரை பதில் இல்லை. செல்போன் கம்பெனியை நான் குறை சொல்ல மாட்டேன்.