தலைக்குத் தடவிய எண்ணெய்

எங்கள் வீட்டு மர அலமாரியில் ஒரு வரிசை முழுக்க மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள். கெட்டி அட்டை, பிரித்தால் பசை வாசனை. அப்பா தொழிற்சங்கக்காரர். சம்பள வாரத்தில் புத்தக வேன் ஊருக்கு வந்தால் ஒன்றாவது வாங்காமல் வீடு திரும்ப மாட்டார். பத்தாம் வகுப்பு விடுமுறையில் கார்க்கியின் ‘தாய்’ படித்தேன். கணவனிடம் அடிவாங்கியே காலம் கழித்த ஒரு தொழிலாளி வீட்டுப் பெண், மகனுக்காகத் துண்டறிக்கை சுமக்கத் தொடங்கி, கடைசியில் தானே கூட்டத்தின் முன் பேசுகிறாள். ரொம்ப நாள் எனக்கு ரஷ்யா என்றால் அந்தப் பெண்தான்.

2022 பிப்ரவரி 24. தொலைக்காட்சியில் ரஷ்ய டாங்கிகள் உக்ரைனுக்குள் போய்க்கொண்டிருந்தன. எண்பதை நெருங்கும் அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாத்தியாம்மா, ரஷ்யா திரும்ப எந்திரிச்சு நின்னுருச்சு” என்றார். அவர் குரலில் இருந்தது 1991இல் இழந்த ஒன்றைத் திரும்பப் பெற்ற சந்தோஷம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று அவர் நேட்டோவைப் பற்றிச் சொன்னது எல்லாமே பொய் என்று நான் சொல்ல மாட்டேன். என் கேள்வி வேறு. எழுந்து நிற்கும் அந்த நாடு யார் முதுகின் மேல் நிற்கிறது?

அப்பா நம்பிய சோவியத் வல்லமைக்கும் தரைக்கு அடியில் ஒரு கணக்கு இருந்தது. 1965இல் மேற்குச் சைபீரியாவில் சமோத்லோர் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே உரெங்கோய் எரிவாயு வயல். 1973க்குப் பின் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏற ஏற, அந்த டாலர்கள் தானியம் வாங்கவும் ராணுவத்தைப் பெருக்கவும் உதவின. 1986இல் விலை சரிந்தபோது ஆப்கானிஸ்தானில் போர் நடந்துகொண்டிருந்தது. ஐந்து ஆண்டுகளில் சோவியத் ஒன்றியமே இல்லை. அதற்கு எண்ணெய் மட்டுமே காரணமல்ல. ஆனால் எண்ணெய் இல்லாமல் அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

1998 கடைசியில் பீப்பாய் பத்து டாலர் அளவில் கிடந்த எண்ணெய், 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்டது. இடையில் 2000இல் புதின் அதிபரானார். 2008 ஆகஸ்டில் ரஷ்யப் படை ஜார்ஜியாவுக்குள் போனது. 2009 ஜனவரிக் குளிரில் உக்ரைன் வழிச் செல்லும் எரிவாயு நின்றபோது, பல்கேரியாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் மக்கள் நடுங்கினார்கள். பீரங்கி செய்யும் வேலையைக் குழாயும் செய்யும் என்று ஐரோப்பா அப்போது கற்றுக்கொண்டது. அதே ஐரோப்பா தொடர்ந்து வாங்கவும் செய்தது. ஆனால் சைபீரியாவின் பல கிராமங்களில் இன்றும் விறகும் நிலக்கரியும்தான். விறகு அடுக்கி, சாம்பல் அள்ளும் கைகள் யாருடையவை என்று நமக்குத் தெரியும்.

2021இல் ரஷ்ய அரசின் வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எண்ணெய், எரிவாயுவிலிருந்து வந்தது. குடிமக்களின் வரியில் நடக்கும் அரசு அவர்களுக்குக் கொஞ்சமாவது கணக்குச் சொல்லியாக வேண்டும். பணம் பூமிக்கு அடியிலிருந்து வந்தால் அந்தக் கட்டாயம் தளர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட அரசு வல்லரசாகவும் ஆசைப்பட்டால், மக்களிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: ஆள். ஆளைப் பெற்றுத் தருபவள் பெண்.

அதனால்தான் அந்த நாட்டின் சட்டங்களைச் சேர்த்து வைத்துப் படிக்கவேண்டும் என்கிறேன். 2017இல், கடுமையான காயம் ஏற்படுத்தாத முதல்முறைக் குடும்ப வன்முறை குற்றவியல் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டு, பெரும்பாலும் அபராதத்தோடு முடியும் தவறாக்கப்பட்டது. 2022 மார்ச்சில், போரில் இறப்பவரின் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபிள் என்று ஆணை வந்தது. அதே ஆகஸ்டில், ஸ்டாலின் 1944இல் தொடங்கிய ‘வீரத்தாய்’ பட்டம் திரும்ப வந்தது. பத்துப் பிள்ளை பெற்று வளர்த்தால் பத்து லட்சம் ரூபிள். அடுத்த மாதம் மூன்று லட்சம் ஆண்களைப் படைக்குத் திரட்டும் உத்தரவு. அடித்தால் அபராதம், பெற்றால் பரிசு, இழந்தால் இழப்பீடு. பெண்ணின் வாழ்க்கை முழுவதும் ஒரு விலைப்பட்டியலுக்குள் அடங்கிவிட்டது.

கார்க்கியின் அந்தத் தாய் எங்கே போனாள் என்று தேடினேன். போகவில்லை. 1989இல் படைவீரர் தாய்மார் குழுவாக வந்தாள். செச்சென்யப் போரின்போது மகன்களைத் தேடிப் போர்முனைக்கே போய், கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்த தாய்கள் உண்டு. 2022 செப்டம்பரில் தாகெஸ்தானின் மகச்கலா தெருவில் போலீஸ்காரர்களை மறித்து நின்றாள். போர் தொடங்கிய மறுநாளே உருவான பெண்ணியப் போரெதிர்ப்பு அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் தாரியா செரென்கோ. என்னைப் போலவே கவிதை எழுதுபவர். பீட்டர்ஸ்பர்க் பல்பொருள் அங்காடி ஒன்றில் விலைச்சீட்டுகள் இருந்த இடத்தில் போர்ச் செய்திகளை வைத்த ஓவியர் சாஷா ஸ்கோச்சிலென்கோவுக்கு 2023இல் ஏழு ஆண்டுச் சிறை விதித்தார்கள். அடுத்த ஆண்டு கைதிப் பரிமாற்றத்தில்தான் வெளியே வந்தார்.

இவ்வளவையும் ஒருநாள் அப்பாவிடம் படபடவென்று கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “உன் ஸ்கூட்டர்ல ஊத்துற பெட்ரோல் எங்கேர்ந்து வருதுன்னு பாத்தியாம்மா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. போருக்கு முன் இந்தியா இறக்குமதி செய்த கச்சா எண்ணெயில் ரஷ்ய எண்ணெய் இரண்டு விழுக்காடு அளவுதான். 2023இல் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. தள்ளுபடியில் கிடைத்த எண்ணெய். யார் முதுகு என்று கேட்டவளின் வண்டியும் அதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த வாரம் வகுப்பில் புறநானூறு. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய மூதின்முல்லை. நேற்று முன்தினம் ஒருவனை, நேற்றுக் கணவனைப் போரில் இழந்த பெண், இன்று பறை கேட்டதும் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். பதினெட்டு வருடமாக ‘வீரத்தாய்’ என்றே நடத்திய பாட்டு. அன்று அந்தச் சொல் வாய்வரை வந்து நின்றுவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “அம்மா, அந்தப் பையன் திரும்பி வந்தானா?”

பாட்டு அதைச் சொல்லவில்லை. அவனை அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் விளக்கேற்றியது யார் என்று உரைகாரர்களும் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை. பாடியவளும் ஒரு பெண். அவள் வியந்தாளா, பதறினாளா என்று அன்றைக்குத்தான் யோசிக்கத் தொடங்கினேன்.

இந்த வருடமும் பாடத்திட்டத்தில் அந்தப் பாட்டு இருக்கிறது. தேர்வுக்கு வேண்டிய துறை விளக்கத்தை எழுதிப் போடுகிறேன். அதன் கீழே இரண்டு கேள்விகள் சேர்க்கிறேன். பறை அடிக்கச் சொன்னது யார்? அந்தப் போரில் அவனுக்கு என்ன கிடைத்தது? மதிப்பெண் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இருந்தும் எழுதுகிறார்கள்.