மூலைக்கடையில் ஒரு நூற்றாண்டு

மும்பையின் இரானி கஃபேக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. மிஞ்சியவற்றில் இன்னமும் ஒரு டீக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது.

காலை நேரத்தில் கிராண்ட் ரோடு ரயில் நிலையத்திலிருந்து வெளியே கொட்டும் கூட்டத்தில் ஒரு பகுதி நேராக பி. மெர்வான் கடைக்குள் நுழைகிறது. தேடி வருவது மாவா கேக். கோவா சேர்த்து, ஏலக்காய் மணக்கச் செய்த சின்ன கேக். தாமதமாக வருபவர்களுக்குக் காலித் தட்டுதான். 1914-ல் தொடங்கிய இந்தக் கடை, நூறு வயதான 2014-ல் மூடப்படுகிறது என்ற செய்தி பரவியதும் வாடிக்கையாளர்கள் கடைசி கேக்குக்காக முண்டியடித்தார்கள். பிறகு கடை மறுபடி திறந்தது. மும்பைக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரானிலிருந்து வந்த ஜொராஸ்ட்ரியர்கள் தொடங்கியவை இந்தக் கஃபேக்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குஜராத் கரையில் குடியேறிய பார்சிகளுக்கு இவர்கள் மதத்தால் உறவு, வரவால் இளையவர்கள். தெருமுனைக் கடை ராசியில்லை என்று இந்து வியாபாரிகள் ஒதுக்கிய இடங்களை இவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்பது நகரில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ராசி எப்படியோ, இரு பக்கமும் வாசல் வைக்க முனைதான் வசதி.

மெட்ரோ தியேட்டர் பக்கம் 1904-ல் தொடங்கிய கயானியில் நுழைந்தால் அந்தக் காலம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வளைந்த மர நாற்காலிகள், கட்டம் போட்ட மேஜை விரிப்பு, கண்ணாடி ஜாடிகளில் பிஸ்கட். வெண்ணெய் தடவிய பன் மஸ்காவை டீயில் தோய்த்துச் சாப்பிடுவதுதான் முறை. மொறுமொறுப்பான ப்ருன் என்றால் தோய்க்காமல் கடிக்கப் பல் உறுதியாக இருக்க வேண்டும். கல்லூரி மாணவரும் வக்கீலும் கூலித் தொழிலாளியும் பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் உட்காருவார்கள். மாட்டுங்காவின் உடுப்பி ஓட்டல்களில் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் சாப்பிடும்போதே அடுத்தவர் இடத்துக்குக் காத்திருப்பார். இங்கே அந்த அவசரம் இல்லை.

பல்லார்ட் எஸ்டேட்டில் 1923-ல் தொடங்கிய பிரிட்டானியா வேறு ரகம். மதியச் சாப்பாடுதான் பிரதானம். இரானிலிருந்து வரும் புளிப்பான சிவப்புப் பெர்ரிகளைத் தூவிய பெர்ரி புலாவுக்காக வரிசை நிற்கும். ஆனால் பலருக்கு நினைவில் தங்கியது புலாவ் அல்ல, உரிமையாளர் போமன் கோஹினூர். தொண்ணூறு வயதைத் தாண்டியும் மேஜை மேஜையாக வந்து ஆர்டர் எடுப்பார். எலிசபெத் மகாராணி மீதிருந்த அபிமானத்தை வந்தவரிடமெல்லாம் சொல்வார். 2016-ல் மும்பை வந்த இளவரசர் வில்லியம் தம்பதியைச் சந்தித்தபோது அவர் ஆசை ஓரளவு நிறைவேறியது. 2019-ல், 97 வயதில் காலமானார்.

கொலாபாவின் லியோபோல்ட் கஃபேயும் இரானியர் தொடங்கியதுதான், 1871-ம் ஆண்டு. இன்று டீயைவிட பீருக்கே பெயர் பெற்றது. 2008 நவம்பர் 26 இரவு பயங்கரவாதிகள் இங்கே சுட்டதில் பலர் இறந்தார்கள். சில நாட்களிலேயே கடை திறந்தது, வாடிக்கையாளர்கள் திரும்பினார்கள். சுவரில் குண்டு துளைத்த அடையாளங்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். அவற்றின் அருகிலேயே குடும்பங்கள் சாப்பிடுகின்றன.

ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த கஃபேக்களை இன்று எண்ணிவிடலாம். நிசிம் எசக்கியேல் கவிதையில் இடம்பெற்ற பாஸ்தானி இப்போது இல்லை. காரணங்கள் எளியவை. பழைய வாடகைச் சட்டம் இருக்கும்வரை மலிவு டீ கட்டுப்படியானது. நில மதிப்பு ஏற ஏற, அதே முனைக்கடை தங்கச் சுரங்கமாகிவிட்டது. படித்த வாரிசுகளுக்கு விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்ட மனமில்லை. சில கஃபேக்கள் பீர் பாராக மாறின. சில இடங்களை வங்கிகளும் துரித உணவகங்களும் பிடித்தன.

ஒரு டீ வாங்கி ஒரு மணி நேரம் உட்காரலாம் என்பதற்காகத்தான் இவற்றை ஊர் நேசிக்கிறது. கல்லாவில் இருப்பவருக்கு அந்தக் கணக்கு ஒருநாளும் லாபமில்லை. மூடும் செய்தி வந்தால் கேமராவோடு ஓடி வருபவர்களைவிட, வாரம் தவறாமல் வந்து டீயோடு ஒரு கீமா பாவும் கேரமல் கஸ்டர்டும் சொல்பவர்களால்தான் இவை பிழைத்திருக்கின்றன. மும்பை போகிறவர்கள் கயானியில் உட்காரும்போது அந்த இரண்டாவது தட்டையும் சொல்லிவிடுவது நல்லது.