பாட்டுக்காரர் இல்லாத பாட்டு

மூன்று வாரமாக என் காரில் எஸ். ஜானகி பாடவில்லை. வயலின் கேட்டது, தபேலா கேட்டது, புல்லாங்குழல் முன்பைவிட எடுப்பாகக் கேட்டது. குரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு பள்ளம். கூர்ந்து கவனித்தால், கிணற்றுக்கடியில் யாரோ பாடுவதுபோல எதிரொலி மட்டும் மெல்லக் கசிந்தது. ரேடியோ ஒழுங்காகப் பேசியது. சீடியும் சரியாகவே ஓடியது. போனிலிருந்து ஓக்ஸ் வயர் மாட்டினால்தான் இந்தக் கோளாறு.

இரண்டு வயர் மாற்றினேன். மகளின் போனை மாட்டிப் பார்த்தேன். டவுனில் ஒரு கடையில் காட்டியபோது, செட் முடிந்துவிட்டது, கழற்றிவிட்டுத் தொடுதிரை செட் ஒன்று போடுங்கள் என்றார்கள். ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டுக் கப்பலேற்றி அனுப்பிய கார் இது; என் கையில் பதினொரு வருடமாக ஓடுகிறது. ரேடியோவும் சீடியும் நன்றாக இருக்கிற செட்டை எறிய எனக்கு மனம் வரவில்லை. பாடசாலையில் கூடப் படிப்பிக்கும் நண்பர்தான் மஹய்யாவைக்குப் போகச் சொன்னார்.

கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம் வரை போகும் ஏ-9 வீதி, நகரத்தை விட்டு விலகும்போது தொடுகிற முதல் இடங்களில் ஒன்று மஹய்யாவ. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகும் பஸ்கள் ஒன்றையொன்று உரசாத குறையாக நெரிகிற இடம். 1880இல் திறந்த மாத்தளை ரயில் பாதையும் இந்தப் பக்கத்தால்தான் போகிறது. மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறையாக இங்கே குடியிருக்கின்றன. இந்தியாவிலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். முஸ்லிம் வீடுகளும் சிங்கள வீடுகளும் அடுத்தடுத்து. இங்கே நின்று பேசுகிற எவருக்கும் தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் வரும்.

மண்சரிவைத் தடுக்கக் கட்டிய கருங்கல் சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டில். உள்ளே ஒரு வாகனத்துக்குத்தான் இடம். மேசையில் கழற்றிய செட்டுகள், சுவரில் சுருள் சுருளாக வயர். வேலை செய்கிறவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வேன்காரர்கள் ‘பாஸ்’ என்று கூப்பிட்டார்கள். அக்கம்பக்கத்துத் தமிழர்களுக்கு அவர் அண்ணன். எனக்கும் அப்படியே வந்துவிட்டது.

“என்ன சேர் செய்யுது?”

“குரல் வரல்லண்ணே. மியூசிக் மட்டும் வருது.”

அவர் கார்க் கதவைக்கூடத் திறக்கவில்லை. கையைத் துணியில் துடைத்தபடி கேட்டார். “பழைய பாட்டு போட்டுப் பாத்தீங்களா? டி.எம்.எஸ். பாட்டு மாதிரி?”

“அது சுத்தமா வரல்ல. ஃபைல் பழுதுன்னு விட்டுட்டேன்.”

“சார்ஜர குத்தினா?”

“குரல் வருது. ஆனா கூடவே விசில் மாதிரி ஒரு சத்தம். எக்ஸிலேட்டர மிதிச்சா அதுவும் ஏறுது.”

“எர்த் விட்டிருக்கு சேர். செட் நல்லா இருக்கு.”

மூன்று கேள்வி, மூன்று பதில். டவுன் கடையில் அரைமணி நேரம் பொத்தான்களை அமுக்கிப் பார்த்தவர்கள் இந்த மூன்றில் ஒன்றையும் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு இந்த மனிதரின் வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதற்காகவே பின்னும் இரண்டு நாள் போய் அந்தக் கொட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் கேட்ட கேள்விகளுக்குள் என்ன இருந்தது என்பதை ஒரு பழைய பின்னைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினார். 3.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள அந்தச் சின்னப் பின்னின் நுனி இடது பக்க ஒலிக்கு. அடுத்த வளையம் வலது பக்கத்துக்கு. அடிப்பாகம் எர்த், இரண்டு பக்கத்து ஒலியும் போனுக்குத் திரும்புகிற பொதுப் பாதை. மைக்கும் சேர்ந்த போன் பின்களில் இன்னொரு வளையம் கூடுதலாக இருக்கும். பொதுப் பாதை அறுந்துவிட்டால் இடதுக்கு வலதும் வலதுக்கு இடதுமே திரும்பும் வழியாகிவிடுகின்றன. அப்போது செட்டுக்குள் நுழைவது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். பாடகரின் குரலை ஒலிப்பதிவாளர் நட்டநடுவில் வைப்பார். இரண்டு பக்கத்திலும் அது ஒரே அளவு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிச்சமில்லை. ஓரங்களில் வைத்த வயலினும் குழலும் தப்பிக்கின்றன. குரலோடு சேர்த்த எதிரொலி இரண்டு பக்கமும் வேறுபட்டுப் பரவியிருப்பதால் அதுவும் கொஞ்சம் தப்பிக்கிறது. நான் கேட்ட கிணற்றுச் சத்தம் அதுதான்.

டி.எம்.எஸ். பாடிய 60களின் பாட்டுகள் மோனோ. இடதும் வலதும் அச்சொட்டாக ஒன்று. கழித்தால் முழுப் பாட்டுமே பூச்சியம். 1978இல் ‘பிரியா’ படத்துக்கு இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்ததைப் பெரிய புதுமையாகப் பேசினார்கள். அதற்கு முந்திய நம் பாட்டுகளில் பெரும்பகுதி இந்தப் பழுதுக்கு முன்னால் அப்படியே மௌனமாகிவிடும். எந்தப் பாட்டு போகிறது, எது அரைகுறையாக நிற்கிறது என்பதை வைத்தே எந்தக் கம்பி அறுந்தது என்று அவர் சொல்லிவிட்டார்.

சார்ஜர் குத்தினால் குரல் திரும்பியதற்கும் காரணம் அதே எர்த். சிகரெட் லைட்டர் குழிக்கும் செட்டுக்கும் எர்த் காரின் உடம்புதான். சார்ஜரைக் குத்தியதும் போனின் ஒலி, அறுந்த வழியை விட்டு, சார்ஜர் வயர் வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு சேர்கிறது. அந்த வயரில் ஏற்கெனவே ஓல்டனேட்டரின் இரைச்சல் ஓடுகிறது. இன்ஜின் வேகத்தோடு விசில் ஏறுவது அதனால்தான். இது தெரியாமல் எத்தனையோ பேர் விசிலைக் கொல்ல ஃபில்டர் வாங்கிப் போடுகிறார்கள் என்றார். நல்ல எர்த் உள்ள காரிலும் விசில் வரும், அங்கே ஃபில்டர் உதவும். என் காரில் அது பணச் செலவாகவே முடிந்திருக்கும்.

“இத எங்கண்ணே படிச்சீங்க?”

“படிக்கல்ல சேர். வாக்மேன் காலத்துலயே இருந்த பழுது இது. ஹெட்ஃபோன் வயர் இப்பிடித்தான் அறும். டவுன்ல ரேடியோ கடையில எடுபிடியா நின்னப்போ, பாட்டுல ஆளக் காணோம்னு கொண்டாருவாங்க.”

கணிப்பு சரியா என்று பார்க்காமல் அவர் எதையும் கழற்றவில்லை. பழைய ஓக்ஸ் வயரை வெட்டி, உள்ளிருக்கும் மூன்று கம்பிக்கும் மூன்று நிற முதலைக் கிளிப் மாட்டி அவரே செய்த கருவி ஒன்று இருந்தது. பின்னை ஜாக்கில் செருகி, எர்த் கிளிப்பில் மீட்டரின் ஒரு முனையையும், லைட்டர் குழியின் ஓரத் தகட்டில் மறுமுனையையும் வைத்தார். மீட்டர் பேசவில்லை. பின்னைப் பக்கவாட்டில் மெதுவாக அழுத்தினார். பீப் என்றது. கையை எடுத்தார், அடங்கிவிட்டது. எல்லாச் செட்டிலும் இப்படிப் பார்க்க முடியாது, சிலதில் ஓக்ஸ் எர்த்தைத் தனியாகவே விட்டிருப்பார்கள் என்றும் சொல்லிவைத்தார்.

கழற்றுமுன் இன்னொரு கேள்வி. “பெட்டரி மாத்தினப்போ செட் லொக் ஆச்சா?” ஜப்பானிலிருந்து வரும் சில செட்டுகள், மின்சாரம் ஒருமுறை நின்றுபோனால் பூட்டிக்கொண்டு ஜப்பானிய மொழியில் இரகசிய எண் கேட்கும். முதல் உரிமையாளர் எங்கோ ஒசாகாவில் இருப்பார். அந்த எண் நமக்கு எப்படித் தெரியும்? என் செட்டில் அந்தத் தொல்லை இல்லை. 10ஆம் நம்பர் சாவியால் பெட்டரியின் நெகட்டிவைக் கழற்றி ஓரமாக மடக்கிவைத்தார்.

டேஷ்போர்டைப் பிரிக்கும்போது அவர் கை வேகம் குறைந்தது. பதினைந்து வருடம் வெயில் தின்ற பிளாஸ்டிக் கிளிப்புகள் தொட்டால் முறியும். ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பக்கத்திலேயே விடவில்லை. தட்டையான பிளாஸ்டிக் தகடு ஒன்றை இடுக்கில் நுழைத்து, ஒவ்வொரு கிளிப்பாக விடுவித்தார். விரல் நகம் அளவு பலகையில் ஜாக் நின்றது. பூதக்கண்ணாடியை என்னிடம் தந்தார். எர்த் கால் ஈயத்துக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றி, தலைமயிரை வளைத்து வைத்ததுபோல ஒரு வட்ட வெடிப்பு.

“போன தொங்கவிட்டு ஓட்டுறீங்களா சேர்?”

ஆமாம். சீட்டுப் பக்கமாக விழுந்து வயரில் தொங்கும். மாத்தளை வீதியின் ஒவ்வொரு குழியிலும் போனின் பாரம் பின்னை நெம்புகோலாக்கி அந்த ஈயத்தை ஆட்டியிருக்கிறது.

உறிஞ்சி பம்ப்பால் பழைய ஈயத்தை எடுத்தார். காலைச் சுரண்டி, பேஸ்ட் தொட்டு, சோல்டரிங் அயனை வைத்தார். தொழிற்சாலையில் போட்டது ஈயம் கலக்காத வகை. அது உருக 217 பாகைக்கு மேல் சூடு வேண்டும். அவர் கையிலிருந்தது வெள்ளீயமும் ஈயமும் கலந்த பழைய வகை. 183 பாகையில் உருகி, கண்ணாடிபோல மினுங்கி உறைந்தது. மங்கலாக உறைந்தால் அது ஒட்டவில்லை என்று அர்த்தம், திரும்பச் செய்யவேண்டும் என்று பக்கத்தில் நின்ற பையனுக்குச் சொன்னார். பிறகு எர்த் காலிலிருந்து பலகையின் இன்னொரு எர்த் புள்ளிக்கு அரை அங்குல வயர் ஒன்றைக் கூடுதலாகப் பாலம் போட்டார். நான் அதைக் கேட்டிருக்கவில்லை.

புகை அவர் முகத்துக்கே நேராக எழுந்தது. மேசை ஃபேன் ஒன்று அதைப் பக்கவாட்டில் தள்ளியது, அவ்வளவுதான். தேத்தண்ணி வந்ததும் பையனைச் சவர்க்காரம் போட்டுக் கைகழுவி வரச்சொன்னார். ஈயம் தொட்ட கையால் பணிஸ் சாப்பிடக்கூடாது என்பதில் மட்டும் அவர் கண்டிப்பு. புகையை இழுத்து வெளியே தள்ளும் ஃபேன் இருந்தால் நல்லது என்றேன். அவருக்கும் தெரிந்திருந்தது. கொட்டில் வாடகைக்கு.

அடுத்த நாள் வந்த முதல் வாகனம் ஒரு பாடசாலை வேன். ஓட்டுகிற நானாவுக்குத் தமிழ் அலைவரிசைகள் பாதி கிடைக்கவில்லை. ஜப்பானில் பண்பலை நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். நம் நாட்டில் 88 முதல் 108 வரை. ஏரியல் வயரில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, வருகிற அலையைக் கீழே இறக்கித்தான் அந்தச் செட்டுகள் கேட்கின்றன. 20 இறக்கினால் 103இல் வருவது 83இல் கேட்கும். ஆனால் 14 அகலமுள்ள பெட்டிக்குள் 20 அகலத்தை அடக்க முடியாது. ஏதோ சில அலைவரிசை வெளியே நிற்கும். அதோடு இது கண்டி. ஒரு மலையைச் சுற்றித் திரும்பினால் இருந்ததும் போய்விடும். ஓக்ஸ் துளை எங்கள் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு பிரியமானது என்பது அந்த வேனுக்குள் உட்கார்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது. எந்த மலையும் மறைக்காத வழி அது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இந்த நாட்டின் கார்களை ஓடவைத்தவர்கள் இப்படியான கொட்டில்காரர்கள். செத்த செட்டுகளை அவர் எறிவதில்லை. ஒரு பிஸ்கட் டின் நிறையக் கழற்றிய ஜாக்குகள். 2016இல் போன் கம்பெனிகளில் பெரியது ஒன்று அந்தத் துளையை எடுத்துவிட்டது, மற்றவை பலவும் பின்தொடர்ந்தன. புதுக் கார்கள் பலவற்றிலும் இல்லை. ஆனாலும் அந்த டின்னைத் தேடி வாரத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள் என்றார் அண்ணன். பையன் அதைக் கால் எண்ணிக்கைப்படி பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான்: மூன்று கால், நான்கு கால், பின் செருகினால் திறக்கிற சுவிட்சுடன் ஐந்து கால். அந்தச் சுவிட்ச் திறக்காமல் சிக்கிக்கொண்டால் பின் செருகியதே செட்டுக்குத் தெரியாது, திரையில் ஓக்ஸ் வராது. அது வேறு பழுது என்று எனக்கு விளக்கியவன் அந்தப் பையன்தான். பதினேழு வயது. சொல்லும்போது அவனும் முதலில் கேள்விதான் கேட்டான்.

என் காரின் கடைசிச் சோதனையைச் சொல்லாமல் விட்டேன். எல்லாம் பூட்டியபின் அண்ணன் என்னை ஓட்டுநர் சீட்டில் உட்காரச் சொன்னார். சார்ஜரைப் பிடுங்கச் சொன்னார். இன்ஜினை எழுப்பினேன். முதலில் பாட்டே போடாமல் சத்தத்தை முழுக்கக் கூட்டி, ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்து நின்றார். ஒரு சீறல்கூட இல்லை. சத்தத்தைக் குறைத்தார். பிறகு டி.எம்.எஸ். பாட்டைப் போடுங்கள் என்றார். மூன்று வாரம் பழுதான ஃபைல் என்று நான் விட்டுவைத்தது, முதல் சொல்லிலேயே காரை நிறைத்தது. பின்னைப் பிடித்து நாலு பக்கமும் ஆட்டினார். குரல் அசையவில்லை.

“இப்ப ஜானகியம்மாவப் போடுங்க சேர்” என்றார். பாதிப் பாட்டு வரை கதவைப் பிடித்தபடி நின்று கேட்டார். 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, வளைந்த பின் உள்ள ஒரு வயரைத் தந்து, இதைப் போட்டால் நெம்பாது என்றார். பின்னால் ஒரு முச்சக்கர வண்டி ஏற்கெனவே ஹோன் அடித்துக்கொண்டிருந்தது.